மூன்றுக்குப் பிறகு

காலை ஐந்து இருபதுக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்கள். நான் நாலே முக்காலுக்கே கீழே இறங்கி கேட்டருகில் நின்றேன்.

கேஸை மூடியாயிற்று. குழாய்களைப் பார்த்தாயிற்று. கதவைப் பூட்டி இரண்டு முறை இழுத்தும் பார்த்தாயிற்று. பை முதுகில் இருந்தது. இறக்கினால் மறுபடி மாட்ட வேண்டும் என்று அப்படியே நின்றேன். வாட்ச்மேன் நாற்காலியிலிருந்து தலையைத் தூக்கினார்.

"எங்க சார், ஊருக்கா?"

"மலைக்கு. ஃப்ரெண்ட்ஸோட."

அவர் கேட்காததையும் சேர்த்துச் சொன்னேன். தலையாட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

முந்தின நாள் அக்கா போன் செய்திருந்தாள். மூன்று மாதமாக ஒரே பேச்சுதான். அவள் வீட்டு மாடி அறை காலியாகக் கிடக்கிறது. அவள் மகன் வேலைக்குப் போய்விட்டான். நான் இந்த ஊரை விட்டு அங்கே வந்துவிட வேண்டும். லிஃப்ட் பழுதுபார்க்கும் எங்கள் கம்பெனிக்கு அந்த ஊரிலும் கிளை உண்டு. லிஃப்ட் எல்லா ஊரிலும்தான் நிற்கிறது. ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தால் மாற்றிவிடுவார்கள்.

"ஞாயித்துக்கிழமை காலையில ரூமைப் பாக்க ஆள் வர்றாங்க," என்றாள். "நீ வரலைன்னா விட்டுடலாம்கறார் உங்க மாமா. அதுக்குள்ள சொல்லிடு."

"பாக்கறேன்க்கா."

"என்னத்தப் பாக்கற? அவ போயி ரெண்டு வருஷம் ஆச்சு. ஒத்தை ஆளுக்கு அரிசி போட்டு ஒத்தை ஆளு தின்னுட்டு. அங்க உனக்கு யாருடா இருக்கா?"

"அவனுங்க இருக்கானுங்கல்ல."

"எவனுங்க? ஆறு வருஷமா சேர்ந்து ஒரு இடம் போகாதவனுங்களா?"

"அது என்னாலதான்க்கா. இப்பப் போறோம்ல."

"சரி. போயிட்டு, சனிக்கிழமை சாயங்காலம் எப்படியாவது போன் பண்ணு. வர்றியா இல்லையான்னு ஒரே வார்த்தை. அதுக்கப்புறம் நான் கேக்க மாட்டேன்."

கார் ஐந்து நாற்பதுக்கு வந்தது. மாத்திரை ஓட்டினான். மருந்துக்கடை வைத்திருப்பதால் அந்தப் பெயர். பக்கத்தில் சர்வேயர். நில அளவைத் துறையில் இருபத்தைந்து வருடம். பின் இருக்கையில் வாத்தி கால் நீட்டிப் படுத்திருந்தான். எட்டாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறான். நான் கதவைத் திறந்ததும் காலை மடக்கினான்.

"வாடா வாலு. பாருங்கடா, கல்யாணத்துக்குப் போற மாதிரி ஷூவைப் பளபளன்னு போட்டுட்டு வந்திருக்கான்."

"புதுசுடா. பழசு பரண்லயே கிடந்து அடி கழண்டுடுச்சு."

மூவரின் ஷூக்களையும் பார்த்தேன். அவை காலுக்கு நன்றாகப் பழகியிருந்தன.

ஊரைத் தாண்டியதும் அதைச் சொன்னேன். சொல்ல வேண்டும் என்று வாரம் முழுக்க மனதில் ஒத்திகை பார்த்திருந்தேன்.

"என்னாலதான்டா உங்களுக்கு ஆறு வருஷம் போச்சு. மன்னிச்சுக்கோங்க."

மாத்திரை தேவையில்லாமல் கியர் மாற்றினான். சர்வேயர் ஜன்னல் கண்ணாடியை ஏற்றினான்.

"விடுடா," என்றான் வாத்தி. "இவனுக்கு முட்டி, அவனுக்கு முதுகு. ரெஸ்ட் தேவையாத்தான் இருந்துச்சு."

என் மனைவிக்குச் சிறுநீரகம் கெட்டுப்போன வருடம்தான் நான் முதல்முறையாக எங்கள் வருடாந்திர மலைநடைக்குப் போகவில்லை. செவ்வாய், வியாழன், சனி டயாலிசிஸ். நீங்க போயிட்டு வாங்கடா என்று நான்தான் சொன்னேன். நீ இல்லாம எப்படிடா, நீ வர்றப்போ எல்லாரும் போவோம் என்றான் மாத்திரை. ஒவ்வொரு வருடமும் நான் சொன்னேன். ஒவ்வொரு வருடமும் அவன் அதையே சொன்னான். எனக்கு உறுத்தலாக இருந்தது. ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போது அதுவே துணையாகவும் இருந்தது. எங்கோ ஒன்று எனக்காக அப்படியே நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது என்ற நினைப்பு.

இந்த வருடம் நானே போன் செய்தேன். போலாமா என்றேன். மாத்திரை சற்றுத் தாமதித்து, "போலாமே" என்றான்.

*

பழைய பாதையை நிலச்சரிவுக்குப் பிறகு மூடிவிட்டார்கள். இது வேறு மலை. நாலு பேருக்கும் புதுசு என்று சர்வேயர் சொல்லியிருந்தான். வன அலுவலகத்தில் அவனே போய் அனுமதி வாங்கி, மேலே இருக்கும் கல் குடிலை இரண்டு இரவுக்குப் பதிவு செய்திருந்தான்.

தார்ச்சாலை ஓர் இரும்புக் குழாய்த் தடுப்பில் முடிந்தது. காரை மரத்தடியில் நிறுத்தினோம். மாத்திரை கொக்கித் தராசை எடுத்தான். இது பழைய வழக்கம். ஏறுவதற்கு முன் ஒவ்வொரு பையையும் நிறுப்பான். அவன் கையில் மட்டும் பட்டியல் இருக்கும். அரிசி ஒருவனுக்கு, மண்ணெண்ணெய் ஒருவனுக்கு, பாத்திரம் ஒருவனுக்கு என்று பொதுச் சாமான்களைச் சரிசமமாகப் பிரிப்பான். கால் கிலோ கூடினாலும் சண்டை வரும்.

"வாத்தி, பதினொண்ணு இருநூறு. சர்வேயர், பதினொண்ணு. எனக்குப் பத்து தொள்ளாயிரம்." என் பையை மாட்டினான். முள் பாதியிலேயே நின்றது. "ஆறு நானூறு."

"எனக்குப் பொதுச் சாமான் எதுவும் வரலையே?"

"எல்லாம் கட்டியாச்சுடா. பிரிச்சா மறுபடி மொதல்லேருந்து அடுக்கணும்."

"அடுப்பு எப்பவும் நான்தானே தூக்குவேன்."

"அது இப்ப வாத்திகிட்ட இருக்கு."

"தூக்க ஆளிருக்கும்போது ஏன்டா அலட்டிக்கற?" என்றான் வாத்தி. "மாப்பிள்ளை மாதிரி கையை வீசிட்டு வா."

நான் நகரவில்லை. மாத்திரை காருக்குள் குனிந்து தேடி ஒரு பிளாஸ்டிக் முட்டைப் பெட்டியைக் கொண்டுவந்தான்.

"இந்தா. இதை நீ எடுத்துக்கோ. ஒடைஞ்சா உன் பொறுப்பு."

வாங்கிப் பையின் மேல் பகுதியில் துணிகளுக்கு நடுவே வைத்தேன். பையை மாட்டியபோது எடை கூடியதாகவே தெரியவில்லை.

எங்கள் வரிசையும் பழையதுதான். சர்வேயர் முன்னால். அடுத்து மாத்திரை. பிறகு வாத்தி. நான் கடைசி, அதனால்தான் வாலு. கிளம்பும்போதெல்லாம் எண்ணுவோம். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. நாலு என்ற பிறகுதான் முதல் ஆள் காலை எடுத்து வைக்க வேண்டும்.

கல்யாணத்துக்கு முன் நாங்கள் நாலு பேரும் ஓர் அறையில் நாலு வருடம் இருந்தோம். மொட்டை மாடியில் ஒற்றை அறை. பத்து மணிக்கு வீட்டுக்காரர் கீழே மெயினை அணைத்துவிடுவார். கதவுக்கு உள்பக்கம் மட்டும் தாழ்ப்பாள். ஒருவன் வெளியே இருக்கும்போது தாழ் போட்டுவிட்டால் அவன் விடிய விடிய மாடியில்தான். அப்படி ஒருமுறை வாத்தி மழையில் நனைந்தான். அதிலிருந்து இருட்டில் படுத்தபடியே எண்ண ஆரம்பித்தோம். என் பாய் கதவோரம். நாலு சொல்லிவிட்டு நான்தான் தாழ் போடுவேன்.

அதை மலைக்கும் கொண்டுவந்தோம்.

தடுப்பைத் தாண்டி வரிசையாக நின்றோம். பையின் பட்டையை இறுக்கிக்கொண்டேன். ஆறு வருடம்.

"ஒண்ணு," என்றான் சர்வேயர், திரும்பாமல்.

"ரெண்டு."

"மூணு."

சர்வேயர் நடக்க ஆரம்பித்தான்.

"நாலு," என்றேன். அதற்குள் மூன்று முதுகுகளும் முதல் வளைவுக்குப் போயிருந்தன.

*

முதல் ஒரு மணி நேரம் மரங்களுக்குள் ஏறினோம். பாதை ஓர் ஆள் அகலம். சருகு ஈரமாக இருந்தது. வேர்கள் படிபோலக் குறுக்கே கிடந்தன. புது ஷூ குதிகாலைக் கடித்தது. யாரும் பேசவில்லை. ஏற்றத்தில் யாரும் பேசமாட்டார்கள், அது சரிதான். ஆனால் மூவரின் காலடியும் ஒரே தாளத்தில் விழுந்தது. வாத்தி நின்றால் மாத்திரை திரும்பிப் பார்க்காமலே நின்றான். மாத்திரை தண்ணீர்ப் பாட்டிலைப் பின்னால் நீட்டினால் வாத்தியின் கை அங்கே இருந்தது. வாத்தி குடித்துவிட்டு முன்னால் கொடுத்தான்.

என் வேலையில் பெரும்பாலும் தனியாகத்தான் இருப்பேன். கிணறு மாதிரியான குழிக்குள் தொங்கிக்கொண்டு கம்பிக்குக் கிரீஸ் போடுவேன். லிஃப்ட் பாதியில் நின்றுவிட்டால் போய் வெளியிலிருந்து முதலில் ஒரு கேள்வி கேட்க வேண்டும். உள்ளே எத்தனை பேர்? பயந்திருப்பவர்களும் அதற்குச் சரியாகப் பதில் சொல்வார்கள். எண்ணிப் பார்த்தால் பதற்றம் கொஞ்சம் குறையும்.

முதல் ஓய்வு ஒரு பாறையில். பத்து நிமிடம். கிளம்பும்போது மறுபடி எண்ணினோம். மூணு என்றதும் சர்வேயர் எழுந்துவிட்டான். இந்த முறை நான் உரக்கச் சொன்னேன்.

"நாலு!"

வாத்தி திரும்பினான். "கேக்குதுடா. பக்கத்து மலைக்கே கேக்குது." சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, ஏதோ கணக்குத் தப்பியதுபோல என்னைப் பார்த்தான். சர்வேயர் முன்னால் போய்க்கொண்டிருந்தான்.

பதினொரு மணிக்கு மரங்கள் முடிந்து புல்சரிவு வந்தது. வெயில் நேராக இறங்கியது. ஒரு மரம் வேரோடு சாய்ந்து கிடந்த இடத்தில் சர்வேயர் பாதையை விட்டு இடப்பக்கம் இறங்கினான். வரைபடத்தை எடுக்கவில்லை. நாற்பது அடி போனதும் புதருக்குப் பின்னால் பாறையிலிருந்து தண்ணீர் கசிந்தது. அவன் குனிந்து, பாறை இடுக்கில் கைவிட்டு, பாதியாக வெட்டிய பிளாஸ்டிக் பாட்டில் ஒன்றை எடுத்தான். அதைக் கசிவில் செருகியதும் தண்ணீர் ஒரே தாரையாக விழுந்தது.

"எப்படிடா தெரிஞ்சுது?" என்றேன்.

"சர்வேயர்டா நான். நிலம் சாஞ்சிருக்கறதைப் பாத்தாத் தெரியாதா?"

"அந்த பாட்டில்?"

அவன் என்னைப் பார்க்கவில்லை. "யாரோ வெச்சிட்டுப் போயிருக்காங்க."

"இவன் ஒண்ணுக்குப் போறதுக்கே லெவல் பாத்துட்டுத்தான்டா போவான்," என்றான் வாத்தி. எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

அங்கேயே சாப்பிட்டோம். ரொட்டி, வேகவைத்த உருளைக்கிழங்கு. மாத்திரை அடுப்பைப் பற்றவைத்து டீ போட்டான். பொடி, சர்க்கரை, பால் பவுடர் எல்லாம் மருந்துக்கடை உறைகளில் தனித்தனியாக வந்திருந்தன. அவன் எதையும் அப்படித்தான் கட்டுவான். எஃகுத் தம்ளர்களை வரிசையாகப் பாறையில் வைத்தான். ஒன்று. இரண்டு. மூன்று. பைக்குள் கை விட்டுத் துழாவினான். பையைக் கவிழ்த்தான். பட்டியலை எடுத்துப் பார்த்தான். அதை லேமினேட் செய்து வைத்திருந்தான். ஓரங்கள் தேய்ந்திருந்தன.

"என்னடா?" என்றான் சர்வேயர்.

"தம்ளர் மூணுதான் இருக்கு."

சர்வேயர் எழுந்து கசிவிலிருந்த பாட்டிலைச் சரிசெய்தான்.

"லட்சணம்தான்," என்றான் வாத்தி. "நாள் பூரா மாத்திரை எண்ணித் தர்றவன், நாலு தம்ளர் எண்ணத் தெரியல. உன் கடைக்கு வர்றவனெல்லாம் எப்படிடா உயிரோட இருக்கான்?"

மாத்திரை சிரிக்கவில்லை. பட்டியலைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். "நீங்க குடிங்க. எனக்கு அப்புறம்."

"நான் ஃப்ளாஸ்க் மூடில குடிச்சுக்கறேன்," என்றேன். "அது நல்லாத்தான் இருக்கும்."

மூடியில் ஊற்றினான். சூடு விளிம்பில் பிடிக்க முடியாதபடி இருந்தது. சட்டை நுனியால் பிடித்துக் குடித்தேன். மறதி யாருக்கும் வரும். ஐம்பத்திரண்டு வயதில் வராமல் என்ன செய்யும்.

*

நான் குடிலை அடைந்தபோது மணி நாலரை. அவர்கள் கால் மணி முன்பே போய்விட்டிருந்தார்கள். குதிகால் இரண்டிலும் தோல் வழன்றிருந்தது. கடைசி ஏற்றத்தில் இரண்டு இடத்தில் உட்கார்ந்துவிட்டேன். முன்பெல்லாம் வால் உட்கார்ந்தால் வரிசையே உட்காரும்.

கல்லால் கட்டிய ஒற்றை அறை. தகரக் கூரை. உள்ளே சுவரோடு சேர்த்து அகலமான பலகை மேடை, படுப்பதற்கு. மூலையில் கரி பிடித்த அடுப்பு. வாசல் பக்கச் சுவரில் ஓர் ஆணி. ஆணியில் ஒரு கயிறு தொங்கியது. கயிற்றின் நுனியில் எதுவும் இல்லை.

"இங்க நோட்டு இருக்கணுமே," என்றேன். மலைக் குடில்களில் வந்துபோகிறவர்கள் எழுதிவைக்க ஒரு நோட்டு இருக்கும். தேதி, எத்தனை பேர், தண்ணீர் கிடைத்ததா, பாதை எப்படி. வேறு யார் யார் வந்தார்கள் என்று படிப்பதில் எனக்கு எப்போதும் ஆசை உண்டு.

"எலி தின்னிருக்கும்," என்றான் வாத்தி. அவன் மேடைமேல் தன் பையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். "கால் எப்படிடா இருக்கு? மாத்திரை, இவனுக்கு ஏதாவது ஒட்டு."

மாத்திரை என் காலைத் தன் மடியில் வைத்து மருந்து போட்டான். பஞ்சை ஒற்றி ஒற்றி, ஊதி ஊதி. கைகள் மென்மையாக இருந்தன. ஒட்டுத்துணியை ஒட்டி முடித்த பின்னும் காலை விடவில்லை.

"டேய்," என்றான்.

"என்ன?"

"ஒண்ணுமில்ல. நாளைக்கு ரெண்டு காலுறை போட்டுக்கோ."

வெளியே சர்வேயர் விறகு பொறுக்கிக்கொண்டிருந்தான். வாத்தி இறங்கிப்போய் அவனுடன் சேர்ந்துகொண்டான். போகும்போது வாசலில் நின்றான்.

"அக்காவுக்குப் போன் பண்ணணும்னியே. அந்தப் பாறை தெரியுதுல்ல, அது மேல ஏறு. ரெண்டு கோடு கிடைக்கும்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"சொன்னாங்க."

"யாரு?"

"ஃபாரஸ்ட் ஆபீஸ்ல," என்று சொல்லிவிட்டு வேகமாகப் போனான். அனுமதி வாங்கப் போனது சர்வேயர் மட்டும்தான்.

மாத்திரை வெங்காயம் நறுக்க உட்கார்ந்தான். முட்டையைக் கேட்டான். பெட்டியை எடுத்துத் திறந்தேன். ஒன்றும் உடையவில்லை. பன்னிரண்டு குழிகளில் ஒன்பது முட்டைகள் இருந்தன.

"நாலு பேருக்கு எப்படிடா ஒன்பது?"

கத்தி நின்றது. "எனக்கு ஒண்ணு போதும்டா. கொலஸ்ட்ரால்."

கண்ணைத் துடைத்துக்கொண்டான். வெங்காயம்தான். பாத்திரத்தை எடுத்துக்கொண்டு வெளியே அடுப்பு மூட்டப் போனான்.

நான் மேடையைப் பார்த்தேன். மூன்று பாய்கள் ஏற்கெனவே விரிக்கப்பட்டிருந்தன. கதவோரம் ஓர் ஆள் அளவு இடம் விட்டிருந்தார்கள். அந்த இடத்தில் வாத்தியின் பை இருந்தது. என் பாயை விரிப்பதற்காக அதைத் தூக்கினேன்.

அடியில் நோட்டு இருந்தது. நீள நோட்டு, கெட்டி அட்டை, ஓட்டையில் அறுந்த கயிற்றின் மிச்சம்.

நின்றபடியே புரட்டினேன். வருடத்துக்கு ஏழெட்டுப் பக்கம். பல கையெழுத்துகள். நடுவில் ஒன்று எனக்குத் தெரிந்தது. வாத்தியுடையது. கரும்பலகையில் எழுதுவதுபோல ஒவ்வோர் எழுத்தையும் தனியாக எழுதுவான். ஐந்து வருடத்துக்கு முந்தைய தேதி. 'நாலு' என்று எழுதி அடித்துவிட்டு மேலே 'மூன்று பேர்' என்று எழுதியிருந்தான். 'சாய்ந்த மரத்துக்கு இடப்பக்கம் நல்ல தண்ணீர். பாட்டில் வைத்திருக்கிறோம், எடுத்தவர் திரும்ப வைக்கவும்.'

அடுத்த வருடம். 'மூன்று பேர். மழை.' அடித்தல் இல்லை.

அதற்கடுத்தது. 'மூன்று பேர். மேல் பாறையில் போன் எடுக்கிறது.'

அதற்கடுத்தது. 'மூன்று பேர். அட்டைப்பூச்சி அதிகம்.'

அந்தத் தேதியில் கொஞ்ச நேரம் நின்றேன். அவள் போன பதினாறாம் நாள். சனிக்கிழமை. அக்காவும் மற்றவர்களும் கிளம்பிப்போய் வீட்டில் நான் மட்டும் இருந்த முதல் நாள். சாயங்காலம் மாத்திரைக்குப் போன் செய்தேன். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. வாத்திக்குச் செய்தேன். சர்வேயருக்குச் செய்தேன். மூன்றும் அதையே சொன்னன. என் போனில்தான் கோளாறு என்று நினைத்து அணைத்துப் போட்டேன். பிறகு அதே போனில் அலுவலகத்துக்குப் போட்டுப் பார்த்தேன். போயிற்று.

போன வருடமும் இருந்தது. 'மூன்று பேர். வழக்கம்போல.'

கடைசிப் பக்கத்தில் இன்றைய தேதி. நான் வருவதற்கு முன் எழுதியிருக்கிறான். 'மூன்று' என்று எழுதி அடித்துவிட்டு மேலே 'நாலு பேர்' என்று எழுதியிருந்தான். அதற்குக் கீழே ஒன்றும் எழுதவில்லை. மை சற்று இழுபட்டிருந்தது. அப்போதுதான் பழைய பக்கங்களின் ஞாபகம் வந்து நோட்டை மூடியிருக்க வேண்டும்.

நோட்டை இருந்த இடத்திலேயே வைத்தேன். அதன்மேல் பையை, பட்டை எந்தப் பக்கம் இருந்ததோ அந்தப் பக்கமே இருக்கும்படி வைத்தேன். பாயை விரிக்கவில்லை.

வெளியே வந்தேன். மூவரும் அடுப்பைச் சுற்றிக் குந்தியிருந்தார்கள். புகை வாத்தியின் பக்கம் அடித்தது. அவன் அதைத் திட்டிக்கொண்டிருந்தான்.

"எங்கடா?" என்றான் மாத்திரை.

"போன் பண்ணிட்டு வர்றேன்."

"சீக்கிரம் வா. சூடா இருக்கறப்போ சாப்பிடணும்."

பாறை நினைத்ததைவிட உயரம். கைவைத்து ஏற வேண்டியிருந்தது. பிடிக்க வேண்டிய இடங்களில் பாசி தேய்ந்திருந்தது. மேலே போய் உட்கார்ந்தேன். வெயில் எதிர்மலையின் உச்சியில் மட்டும் மிச்சமிருந்தது. கீழே குடிலின் தகரக்கூரையும், புகையும், மூன்று தலைகளும் தெரிந்தன. தட்டுகளை எடுத்து வைத்தார்கள். மாத்திரை பெட்டியிலிருந்து முட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து ஒளியில் பார்த்தான்.

போனை எடுத்தேன். இரண்டு கோடு.

அக்கா இரண்டாவது மணியிலேயே எடுத்தாள். கையில் வைத்துக்கொண்டே இருந்திருப்பாள்.

"சொல்லுடா. ஏறிட்டியா? பத்திரமா இருக்கியா?"

"ம்."

"குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கு?"

"ஏத்தம்க்கா. மூச்சு வாங்குது."

"சரி, என்ன முடிவு பண்ணே? மாமா பக்கத்துலதான் இருக்கார். வர்றியா, இல்லையா?"

வாயைத் திறந்தேன். கீழே சர்வேயர் எழுந்து நின்றான். கையை இடுப்பில் வைத்துக்கொண்டு சுற்றிலும் பார்த்தான். என்னைத் தேடினானா, விறகைத் தேடினானா என்று தெரியவில்லை. பாறையின் பின்பக்கம் இருட்ட ஆரம்பித்திருந்தது. அவனுக்கு நான் தெரிந்திருக்க மாட்டேன்.

"ஒண்ணு!" என்றான். சரிவில் அது தெளிவாக ஏறிவந்தது.

"ரெண்டு!"

"மூணு!"

நான் காத்திருந்தேன். அவர்கள் தட்டுகளை எடுத்துக்கொள்வார்கள் என்று பார்த்தேன். ஒருவனும் அசையவில்லை. மாத்திரை கரண்டியைக் கீழே வைத்தான். வாத்தி எழுந்து நின்றான். மூவரும் வெவ்வேறு திசையில் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிறகு வாத்தி கைகளை வாயருகே குவித்தான்.

"நாலு எங்கடா?"

எதிர்மலையில் பட்டு அது மறுபடி வந்தது. போன் என் காதோடு சூடாக இருந்தது.

"அது யாருடா," என்றாள் அக்கா, "உன்னையா கூப்பிடறாங்க?"